சென்னை – திருச்சி – மதுரை நான்குவழிச் சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். பிழைப்பு சென்னையில். மாதத்துக்கு இரண்டு முறையாவது இந்தச் சாலையில் போய் வருவேன். பஸ்ஸில் பாதி, நண்பர்களின் காரில் பாதி. அலுவலகத்திலும் குடும்பத்திலும் யாராவது தெற்கே கிளம்பினால் எனக்குத்தான் போன் வரும். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

இந்தச் சாலைக்கு என்னதான் எண்? ஒருவர் 45 என்கிறார், பலகையில் 32 என்று இருக்கிறது, மேப்பில் 38 என்று வருகிறது.

மூவரும் சொல்வது சரிதான். பழைய கணக்குப்படி சென்னையிலிருந்து திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை தேசிய நெடுஞ்சாலை 45. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி போவது 45பி. 2010-ல் நாடு முழுவதும் எண்களை மாற்றினார்கள். இப்போது சென்னை–திண்டிவனம் 32-ல் வரும், திண்டிவனம்–விழுப்புரம் 132, விழுப்புரத்திலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை 38.

புது எண்ணைச் சொல்லி வழி கேட்டால் டீக்கடைக்காரர் விழிப்பார். சென்னைக்குள் அது ஜி.எஸ்.டி. ரோடு, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. செங்கல்பட்டைத் தாண்டினால் 'திருச்சி ரோடு'. திருச்சியில் நின்று கேட்டால் அதே சாலை 'சென்னை பைபாஸ்'. எங்கள் ஊரில் அது வெறும் 'ஹைவேஸ்'. எங்கே நிற்கிறீர்களோ, அங்கிருந்து சாலை எந்த ஊருக்குப் போகிறதோ அந்தப் பெயர்.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ., மதுரை சுமார் 460 கி.மீ. காரில் நிதானமாகப் போனால் திருச்சிக்கு ஐந்தரை மணி நேரம், மதுரைக்கு எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 'ஆறு மணி நேரத்தில் மதுரை போயிட்டேன்' என்று சொல்லும் மச்சான் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பின்னால் உட்கார்ந்து போகாதீர்கள்.

நேரத்தைத் தின்பது தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரையுள்ள முப்பது கிலோமீட்டர்தான். அதைத் தாண்டிவிட்டால் மீதி கணக்குத் தப்பாது.

வழியில் என்னென்ன ஊர்கள் வரும்?

வரிசையாகச் சொல்கிறேன்: தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, தொழுதூர், பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம், திருச்சி, விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர், மதுரை.

ஆனால் 'வரும்' என்று சொல்வது பாதிப் பொய். இந்த ஊர்களில் பெரும்பாலானவை இப்போது சாலையில் வருவதில்லை. பச்சைப் பலகையில் பெயர் வரும், ஊர் பக்கவாட்டில் ஒதுங்கிப் போய்விடும். நான் பள்ளியில் படித்தபோது சென்னைக்குப் போகிற பஸ் ஒவ்வொரு ஊரின் கடைவீதிக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம் நிற்கும். ஜன்னலோரம் முறுக்குத் தட்டு வரும், வெள்ளரிப்பிஞ்சு வரும், அப்பா இறங்கி டீ குடிப்பார், அவர் திரும்பி ஏறும்வரை எனக்கு வயிற்றைக் கலக்கும். 2010-ஐ ஒட்டி நான்குவழிப் பாதையும் புறவழிகளும் முழுதாக வந்தபிறகு பயணம் பாதியாகக் குறைந்தது, ஊர்களும் குறைந்துவிட்டன. இன்றைக்குச் சென்னையில் வளர்ந்த பிள்ளையிடம் விழுப்புரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒரு மேம்பாலத்தைச் சொல்லும்.

ரயில் இருக்கும்போது இந்தச் சாலையை ஏன் இவ்வளவு பேர் நம்புகிறார்கள்?

ரயில் பாதையும் இந்தச் சாலையும் விழுப்புரம் வரை ஏறக்குறைய சேர்ந்தே போகும். அப்புறம் பிரிந்துவிடும். சென்னை–திருச்சி ரயில் விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகிறது. சாலை உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாக. பெரம்பலூர் ஒரு மாவட்டத் தலைநகர், ஆனால் ரயில் நிலையம் இல்லை. ரயில் பிடிக்க அரியலூர் போகணும். திருச்சிக்குத் தெற்கேயும் அதே கதை. மதுரை ரயில் மணப்பாறை, திண்டுக்கல் என்று சுற்றிப் போக, சாலை விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று நேராகப் போகிறது. இந்த மூன்று ஊரிலும் ரயில் சத்தமே கிடையாது. எங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்தச் சாலை ஒன்றுதான்.

(பெரம்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 'பெரம்பலூர் எப்ப வரும்' என்று கேட்டவரை எனக்குத் தெரியும். அவர் என் சித்தப்பா.)

எந்த ஊருக்கு எங்கே திரும்ப வேண்டும்?

புதுச்சேரி, திருவண்ணாமலை, செஞ்சி: திண்டிவனம். மேம்பாலத்தில் ஏறுவதற்கு முன்பே இடது பக்கம் வந்துவிட வேண்டும். ஏறிவிட்டால் அடுத்த இறக்கம் வரை போய்த் திரும்பி வரணும்.

பண்ருட்டி, நெய்வேலி, கும்பகோணம், தஞ்சாவூர்: விக்கிரவாண்டி. இங்கே பிரியும் சாலைக்கு இப்போது 36 என்று எண். இதை நான்குவழியாக்கும் வேலை பல வருடமாகத் துண்டு துண்டாக நடந்தது. டெல்டாக்காரர்களிடம் இந்தச் சாலையைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சுதான் பதில். நேரம் முக்கியம் என்றால் சிலர் பெரம்பலூர் வரை இதே சாலையில் வந்து, அரியலூர் வழியாகத் தஞ்சைக்குப் போகிறார்கள்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், சேலம்: உளுந்தூர்பேட்டை. இங்கே ஒரு குழப்பம் உண்டு. திண்டிவனத்துக்கு முன்னால் ஆத்தூர் என்று ஒரு சுங்கச்சாவடி வரும். அது வேறு ஆத்தூர். 'ஆத்தூர் டோல் தாண்டிட்டேன்' என்று போனில் சொன்னால், சேலத்து ஆத்தூரில் இருக்கும் மாமியார் வீட்டில் உலை வைத்துவிடுவார்கள்.

மணப்பாறை, திண்டுக்கல், கொடைக்கானல், தேனி: திருச்சி. பழைய 45 போன வழி இதுதான், இப்போது திண்டுக்கல் வரை 83. கொடைக்கானல் போகிறவர்கள் மதுரை வரை போய்ச் சுற்ற வேண்டியதில்லை.

மொத்தம் எத்தனை டோல்?

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஆறு: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். மதுரை வரை போனால் இன்னும் இரண்டு: பூதக்குடி, சிட்டம்பட்டி. ஆக எட்டு.

கட்டணத்தை இங்கே போடவில்லை. வருடா வருடம் ஏறும். சில சாவடிகளில் ஏப்ரலில், சிலவற்றில் செப்டம்பரில். 24 மணி நேரத்துக்குள் அதே சாவடியில் திரும்பினால் போய்வர இரண்டுக்கும் சேர்த்து ஒற்றைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குதான். ஃபாஸ்டேக் இருந்தால் அது தானாகவே கணக்காகிவிடும். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் கட்டணம் இல்லை. இடது ஓரத்தில் தனி வழி இருக்கும்.

ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். இல்லாமல் போனால் இரட்டிப்பு. 2025 நவம்பர் 15 முதல் இதைக் கொஞ்சம் மாற்றினார்கள்: யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கொடுத்தால் பழையபடி இரண்டு மடங்கு.

ஒரு விஷயம் யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். முன்பு விக்கிரவாண்டி டோலில் வரிசை நின்றபோது, ஒவ்வொரு காருக்கும் இரண்டு பேர் ஓடி வருவார்கள். நீளவாக்கில் நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரிப்பிஞ்சு. காகிதக் கூம்பில் வேர்க்கடலை. சீசனில் பனையோலையில் நுங்கு. இப்போது வண்டி நிற்பது சில விநாடிகள்தான். கண்ணாடியை இறக்குவதற்குள் தடுப்புக்கட்டை மேலே போய்விடும். பத்து ரூபாய்க்கு வெள்ளரி விற்கிறவரை எந்த ஃபாஸ்டேக் திட்டமும் கணக்கில் எடுக்கவில்லை.

வருடாந்திர பாஸ் எடுத்தால் லாபமா?

2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானது. அப்போது விலை 3,000 ரூபாய். ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கிடையாது. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டுமே செல்லும். மாநில அரசின் சாலைகளில் ஃபாஸ்டேக்கில் உள்ள பணத்திலிருந்துதான் போகும்.

'200 பயணம்' என்றதும் 200 தடவை ஊருக்குப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாவடியைக் கடப்பது ஒரு பயணம். சென்னை–மதுரை போய்த் திரும்பினால் பதினாறு கழியும். ஆக, சுமார் பன்னிரண்டு தடவை போய் வரலாம். 3,000-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு சாவடிக்குப் பதினைந்து ரூபாய். இந்தச் சாலையில் அந்த விலைக்கு எந்தச் சாவடியிலும் கார் தாண்டாது. வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

பஸ் எங்கே ஏறுவது?

தெற்கே போகும் அரசு விரைவு பஸ்கள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புறப்படுகின்றன. அந்த நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. கோயம்பேட்டுக்குப் போய் நின்று திரும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருச்சியிலும் 2025-ல் பஞ்சப்பூருக்கு மாறிவிட்டது. மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கி மலைக்கோட்டைக்கு ஆட்டோ பிடிப்பது என்ற பழைய கணக்கு இனி இல்லை. மதுரையில் மாட்டுத்தாவணி, அது மாறவில்லை.

கவனித்தீர்களா? பஸ் நிலையங்களும் பைபாஸ் பக்கமே நகர்ந்துகொண்டிருக்கின்றன.

டிக்கெட்டில் ஊர் பெயர் போட்டிருக்கிறது, ஆனால் பைபாஸில் இறக்கிவிடுகிறார்களே?

ஆமாம், செய்வார்கள். பஸ்ஸின் நெற்றியில் 'பைபாஸ் ரைடர்' என்றோ 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்றோ இருந்தால் அது இடையில் உள்ள ஊருக்குள் நுழையாது. ஏறும்போதே நடத்துநரிடம், "அண்ணே, ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?" என்று கேட்டுவிடுங்கள். பைபாஸ் என்றால் எந்த இடம் என்றும் கேளுங்கள். திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே நிற்குமா, மேலேயே போய்விடுமா? பெரம்பலூரில் நான்குரோடா, புது பஸ் ஸ்டாண்டா? இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பகலில் ஒன்றுமில்லை, இரவில் நிறைய.

ஒரு தனியார் பஸ்ஸில் ஒருமுறை பெரம்பலூர் என்று பதிவு செய்திருந்தேன். அதிகாலை மூன்று மணி. கிளீனர் தோளைத் தட்டி, "பெரம்பலூர் சார், எறங்குங்க" என்றார். தூக்கக் கலக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போன பிறகுதான் பார்த்தேன்: சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லை, ஒரு விளக்கு இல்லை, ஊர் விளக்குகள் தூரத்தில் சிவந்து தெரிகின்றன. போன் வெளிச்சத்தில் நடந்தேன். பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் சட்டை காற்றில் இழுக்கும். சர்வீஸ் ரோட்டில் யாரோ சோளம் காயப்போட்டு, சுற்றிக் கல் அடுக்கி, பக்கத்திலேயே தார்ப்பாயில் படுத்திருந்தார்கள். ஒரு பெரியவர் போர்வைக்குள்ளிருந்தே, "எந்த ஊருப்பா?" என்றார். சொன்னேன். "நேரா போனா நான்குரோடு. நாய் இருக்கும், குச்சி எடுத்துக்க" என்றார். அன்றிலிருந்து நான் கேட்காமல் ஏறுவதில்லை.

சாலை ஓரத்தில் தானியம் காயப்போடுகிறார்களே, தவறில்லையா?

ஆபத்துதான். இரவில் அந்தக் கற்கள் பைக்காரரைச் சாய்த்துவிடும். ஆனால் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை பக்கம் மக்காச்சோளம், உளுந்து, எள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வரும். எல்லா ஊரிலும் போதுமான களம் இல்லை. நல்ல வெயில் காயும் சமமான இடம் சர்வீஸ் ரோடு ஒன்றுதான். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கினால் மெதுவாகப் போங்கள்.

எதிர்த் திசையில் பைக் வருகிறதே, யார் இவர்கள்?

பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள். நான்குவழிச் சாலை போட்டபோது பல கிராமங்கள் இரண்டாகிவிட்டன. வீடு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் கிழக்கே, ரேஷன் கடை மேற்கே. சட்டப்படி எதிர்ப்புறம் போக ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய், சுரங்கப்பாதையிலோ இடைவெளியிலோ திரும்பி, அதே தூரம் வரணும். பால் கேனோடு போகிறவர் தினம் இரண்டு வேளை அதைச் செய்யமாட்டார். ஓரமாக எதிரே வருவார்.

அவர் செய்வது தவறு, உயிரையே எடுக்கும் தவறு, நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நூறில் பறக்கிற நமக்கு அது சாலை, அவருக்கு அது தெரு. ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் இடது ஓரத்தை விட்டு விலகி, வேகத்தைக் குறையுங்கள். நான்குவழிச் சாலையில் காருக்கு உச்சவரம்பு மணிக்கு 100 கி.மீ. என்று மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. பலகையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் பலகைதான் கணக்கு.

நடுவில் ஏன் அரளிச் செடி?

எதிர்வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும். தண்ணீர் அதிகம் கேட்காது. புகையிலும் பூக்கும். முக்கியமாக, அது விஷச்செடி. ஆடு மாடு வாய் வைக்காது. வேறு எதை நட்டாலும் இங்குள்ள ஆடுகள் ஒரு வாரத்தில் கணக்கை முடித்துவிடும்.

இதற்கு முன்னால் இருந்தவை புளியமரங்கள். இரண்டு பக்கமும் கிளை கோத்து, மே மாதத்திலும் நிழல் விழும். காய்க்கும் பருவத்தில் நெடுஞ்சாலைத் துறை மகசூலை ஏலம் விடும். அகலப்படுத்தும்போது வெட்டினார்கள். ஊருக்குள் போகும் பழைய சாலையில் திரும்பினால் இன்னும் சில நிற்கின்றன. பட்டையில் வெள்ளையும் கறுப்பும் அடித்திருக்கும்.

சாப்பிட எங்கே நிறுத்தலாம்?

செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் அடுத்தடுத்து வரும். பித்தளை டபராவில் தருவார்கள். கும்பகோணத்துக்கும் இந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்காமல் குடித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

பஸ் நிற்கும் மோட்டல்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கதை உண்டு. எனக்கு, ஆறிப்போன இரண்டு பரோட்டாவுக்கு ஊரில் ஒரு குடும்பச் சாப்பாட்டு விலை கொடுத்த கதை. தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு என் யோசனை வேறு. பைபாஸை விட்டு இறங்கி, ஊருக்குள் போங்கள். மேலூரிலோ உளுந்தூர்பேட்டையிலோ பஸ் ஸ்டாண்டு எதிரில், உள்ளூர்க்காரர்கள் கைகழுவக் காத்திருக்கும் கடை எது என்று பாருங்கள். இருபது நிமிடம் கூடும். இலையில் சாதம் ஆவி பறக்க வரும், மோர் கேட்டால் இன்னொரு டம்ளர் ஊற்றுவார்கள். கோடையில் என்றால் விக்கிரவாண்டி பக்கம் காலை பத்து மணிக்குள் பதநீர் கிடைக்கும். அதற்குமேல் விற்பதை வாங்காதீர்கள், புளிக்க ஆரம்பித்திருக்கும்.

வழியில் பார்க்க ஏதாவது உண்டா, இல்லை ஓட்டிக்கொண்டே போகவேண்டியதுதானா?

நிறைய உண்டு. மதுராந்தகம் ஏரியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அங்குள்ள ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த பிளேஸ் துரை, கரை உடையப்போகிற மழையிரவில் வில்லோடு இருவர் காவல் நிற்பதைக் கண்டதாகக் கதை. மழை முடிந்த மாதங்களில் போனால் பக்கத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. கோடையில் போய்விட்டுப் பறவை இல்லை என்று குறைப்படாதீர்கள்.

பெரம்பலூருக்கு வடக்கே, சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வண்டி அதைத் தாண்டுகிறதோ, உள்ளே போனால் ஆடு மேய்க்கிற பையனும் நீங்களும்தான் இருப்பீர்கள். 1751-ல் இந்தப் பக்கம் வாலிகண்டபுரத்தில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் தரப்பும் முகமது அலி தரப்பும் மோதின. ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரர், இன்னொருவர் பின்னால் ஆங்கிலேயர். மேலே ஏறி நின்றால் கீழே லாரிகள் எறும்பு மாதிரி ஊர்வது தெரியும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தால் கிழமை பார்த்துப் போங்கள். வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். இது தெரியாமல் செவ்வாய்க்கிழமை வந்து பூட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்களை வருடம் முழுக்கப் பார்க்கிறோம். அங்கிருந்து கிழக்கே உள்ளே போனால் சாத்தனூர் கல்மரம்: சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று சொன்னால், மானாவாரி நிலத்தில் மழைக்கு ஏங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

விராலிமலையில் மயில். முருகனுக்கு அங்கே சுருட்டுப் படைப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்னொரு வேடிக்கை: திருச்சி மாவட்டத்தில் கிளம்பி, விராலிமலையில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து, துவரங்குறிச்சியில் மறுபடி திருச்சி மாவட்டத்துக்கே வந்து, அப்புறம்தான் மதுரை மாவட்டம் வரும்.

மேலூரைத் தாண்டினால் நரசிங்கம்பட்டி. பக்கத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவித்தார்கள். அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் 2025 ஜனவரி 7-ல் ஊர் ஊராகச் சேர்ந்து நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். அதே மாதம் சுரங்க உரிமைக்கான ஏலம் ரத்தானது. அதைத் தாண்டி ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருப்பது தெரிந்தால் மதுரை வந்துவிட்டது என்று அர்த்தம். யாரும் போனில் மேப் பார்க்க மாட்டார்கள், பையை எடுக்க ஆரம்பிப்பார்கள்.

திருச்சியில் எல்லா இடமும் 'டோல்கேட்' என்கிறார்களே, அங்கெல்லாம் பணம் கட்டணுமா?

வேண்டாம். நம்பர் ஒன் டோல்கேட், டிவிஎஸ் டோல்கேட் எல்லாம் ஊர்ப் பெயர்கள். எந்தக் காலத்திலோ அங்கே சுங்கம் வசூலித்த கதவு போய்விட்டது, பெயர் நிற்கிறது. உண்மையில் பணம் பிடிப்பது சமயபுரம் டோல்.

பொங்கல், தீபாவளிக்கு எப்போது கிளம்பினால் நல்லது?

முதல் நாள் மாலை மட்டும் வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்குத் தாம்பரத்தைத் தாண்டிவிட வேண்டும். முடியாவிட்டால் வேறு வழிகள்: பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் போய்ச் செங்கல்பட்டில் சேரலாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்த் திண்டிவனத்தில் சேரலாம், நகரின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் காஞ்சிபுரம், வந்தவாசி வழியாகத் திண்டிவனம் வரலாம். தூரம் கூடும், ஆனால் வண்டி ஓடும்.

திரும்பி வரும் ஞாயிறு இரவு இதைவிட மோசம். திங்கள் விடுப்பு சொல்லிவிட்டு அம்மா கையால் இன்னொரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவது என் வழக்கம்.

இரவில் ஓட்டலாமா?

இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வேண்டாம். உளுந்தூர்பேட்டைக்குத் தெற்கே சாலை நேராக, விளக்கில்லாமல், ஒரே மாதிரி போகும். கண் திறந்திருக்கும்போதே தூக்கம் வரும். ஓரத்தில் விளக்கு இல்லாமல் நிற்கும் லாரிதான் பெரிய எமன். கண் எரிந்தால் டோலுக்குப் பக்கத்தில் வெளிச்சமான இடத்தில் நிறுத்தி அரை மணி தூங்குங்கள். காபி அந்த வேலையைச் செய்யாது.

தை, மாசி, பங்குனியில் இன்னொரு கவனம்: மேல்மருவத்தூருக்குச் சிவப்புடையிலும் சமயபுரத்துக்கு மஞ்சள் உடையிலும் பாதயாத்திரைக் கூட்டம் இரவில்தான் நடக்கும். வெயிலுக்குப் பயந்து அப்படி. சாலையின் இடது ஓரத்தில், சில சமயம் கைக்குழந்தையோடு.

வழியில் வண்டி நின்றாலோ விபத்து என்றாலோ யாரைக் கூப்பிடுவது?

நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. அரசு மருத்துவமனைகளில் பெரியவை செங்கல்பட்டு, விழுப்புரத்தை ஒட்டிய முண்டியம்பாக்கம், திருச்சி, மதுரை, நடுவில் பெரம்பலூர்.

எங்கே இருக்கிறோம் என்று சொல்வதுதான் சிரமம். 'திருச்சி ரோட்டில், ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்' என்றால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், அதில் எழுதியிருக்கும் ஊர், கடைசியாகத் தாண்டிய டோல், நீங்கள் போய்க்கொண்டிருந்தது சென்னைப் பக்கமா திருச்சிப் பக்கமா – இந்த நான்கையும் சொல்லுங்கள். பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் இருந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஊர் பெயரை அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.